செம்புச் சட்டியில் பிறந்த மிட்டாய்: பிரான்சின் பிரலீன் மரபு

மோந்தார்ஜி நகரத்தில் பிரலீன் கேட்டால் கைக்கு வருவது ஒரு முழுப் பாதாம். தோலோடு வறுபட்டு, மேலே சர்க்கரை கரடுமுரடாகப் படிந்து, தேன்பழுப்பு நிறத்தில் மினுங்கும். லியோனில் அதுவே இளஞ்சிவப்பாகி, பிரியோஷ் என்னும் வெண்ணெய் ரொட்டிக்குள் புதைந்துகிடக்கும். பிரஸ்ஸல்ஸில் அந்தப் பெயருக்கு உள்ளே பூரணம் வைத்த சாக்லேட் என்று பொருள். அட்லாண்டிக்கைத் தாண்டி நியூ ஆர்லியன்ஸுக்குப் போனால், பீக்கன் கொட்டையும் பாலேடும் சேர்த்து வில்லையாக ஊற்றிய மெத்தென்ற மிட்டாயைத் தருவார்கள். நான்கு ஊர்களும் தங்களுடையதே மரபு என்கின்றன. நான்கின் பேச்சிலும் நியாயம் உண்டு.

இவற்றில் எது அசல் என்ற வழக்கை மிட்டாய் வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. கைத்தொழில் மிட்டாயின் மரபைக் காக்க வேண்டும் என்று பிரான்சில் அரசும் வணிகர்களும் உண்போரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவர்கள் காக்கச் சொல்வது எதை? தோற்றக் கதையையா, பெயரையா, ஊரையா, செய்முறையையா, செய்கிற கையையா? பிரலீனின் நானூறு ஆண்டு வரலாற்றை அந்தக் கேள்வியோடு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கதை. பாரிஸுக்குத் தெற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், கால்வாய்களும் சிறு பாலங்களும் நிறைந்த ஊர் மோந்தார்ஜி. 17ஆம் நூற்றாண்டில் பிளெஸ்ஸி-பிரலேன் பிரபுவாக இருந்த செசார் த ஷ்வாசல் என்ற படைத்தலைவரின் வீட்டில், சமையல் பொறுப்பாளர் 1636 வாக்கில் பாகேறிய பாதாமைச் செய்தார் என்றும், விருந்தினர் பெயர் கேட்டபோது எசமானின் பெயரையே அதற்குச் சூட்டினார் என்றும், பிறகு அவர் வேலையிலிருந்து ஒதுங்கி மோந்தார்ஜியில் கடை வைத்தார் என்றும் ஊர் சொல்கிறது. எப்படிச் செய்தார் என்பதில்தான் கதைக்குப் பல கிளைகள். எடுபிடிப் பையன் பாதாமைச் சிந்திய இடத்தில் பாகு கொட்டியது என்பது ஒன்று. பிள்ளைகள் மீந்த பாகில் பாதாமைத் தோய்த்துக் கொறித்ததைப் பார்த்துத் தோன்றியது என்பது இன்னொன்று. பிரோந்த் கலகக் காலத்தில் போர்தோ நகரப் பெரியவர்களைச் சமாதானப்படுத்தப் பிரபு இந்த மிட்டாயைப் பரிமாறினார் என்பது மற்றொன்று.

ஆவணங்களோடு ஒப்பிட்டால் கதை ஆட்டம் காண்கிறது. சமையல் பொறுப்பாளரின் பெயர் சில நூல்களில் க்ளேமான் ஜாலூசோ, வேறு சிலவற்றில் லசாஞ். 1636இல் ஷ்வாசல் இன்னும் மார்ஷல் ஆகவில்லை. அந்தப் பதவி 1645இல் வந்தது. கோமகன் பட்டம் 1660களில் கிடைத்தது, அதுவும் ஷ்வாசல் கோமகன் என்ற பெயரில். ‘பிரலேன் கோமகன்’ என்ற பட்டம் அந்தக் குலத்தின் இன்னொரு கிளைக்கு 1762இல்தான் வந்தது. ஆனால் கடையின் பழைய பலகை பிரலேன் கோமகனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, இன்று நாம் கேட்கும் வடிவத்தில் கதை நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியது என்று கொள்வதே பொருந்தும். (1762இல் பட்டம் பெற்ற அந்தக் கோமகன் பிறகு கடற்படை அமைச்சரானார். இந்தியப் பெருங்கடலில், தமிழ் வம்சாவளியினரும் வாழும் செஷல்ஸ் நாட்டின் இரண்டாவது பெரிய தீவுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.)

பிரெஞ்சு மிட்டாய்களில் தற்செயலாகப் பிறக்காதது அரிது என்று தோன்றும். காம்ப்ரே நகரத்துப் புதினா மிட்டாய்க்குப் ‘பிழை’ என்றே பெயர். மகன் செய்த தவறில் பிறந்தது என்று ஒரு குடும்பம் சொல்ல, இன்னொரு குடும்பம் தானே முதலில் செய்ததாகச் சொல்லி 19ஆம் நூற்றாண்டில் வழக்காடியது. ஏக்ஸ் நகரத்துக் கலிசோன் 1454இல் ரெனே மன்னரின் திருமணத்தில் பிறந்தது என்பார்கள். இத்தகைய கதைகள் மிட்டாய்க்கு ஒரு பிறந்தநாளையும் ஒரு கடையையும் தருகின்றன. வணிகத்துக்கு அவை பயன்படுகின்றன. அவற்றால் விளையும் கேடு என்னவென்றால், பல தலைமுறைக் கைகள் பாகின் பதத்தைச் சிறிது சிறிதாகக் கண்டறிந்த வரலாறு முழுவதும் ஒரு பையனின் கவனக்குறைவுக்குள் அடங்கிவிடுகிறது. உழைப்பின் இடத்தில் அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாதாமுக்குச் சர்க்கரை ஏற்றுவது 17ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பும் இல்லை. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் அது பழைய வழக்கம். ஸ்பெயினில் பாகில் வறுத்த பாதாமை இன்றும் அல்காலா த எனாரெஸ் நகரத்தின் பெருமையாக விற்கிறார்கள். ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் அதன் மணம்தான் முதலில் வரவேற்கும். பிரான்சுக்குள்ளேயே வெர்தன் நகரம் தன் திராஜே மிட்டாயை, அதாவது வழுவழுப்பான சர்க்கரை ஓடு போர்த்த பாதாமை, 1220 வரை கொண்டுபோகிறது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் பாதாமைக் கெடாமல் வைக்கத் தேனும் சர்க்கரையும் பூசினார் என்பது அங்குள்ள மரபுச் செய்தி. மருந்துக் கடைக்காரர் வருவது பொருத்தமே. இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை மருந்துப் பொருளாக, கடுகளவு எடைபோட்டு விற்கப்பட்டது. விருந்து முடிந்ததும் செரிமானத்துக்கென்று சர்க்கரை பூசிய சோம்பும் கொத்தமல்லியும் பாதாமும் தட்டில் வரும். எதிர்காலம் உரைத்தவராக நாம் அறிந்த நாஸ்ட்ரடாமஸ் புரோவான்ஸ் நாட்டு மருத்துவர். 1555இல் வெளியான அவரது நூலொன்றில் முகப்பூச்சுகளோடு பழங்களைச் சர்க்கரையில் பதப்படுத்தும் முறைகளும் இருக்கின்றன. மருத்துவர் கையிலிருந்து மிட்டாய்க்காரர் கைக்குச் சர்க்கரை மாறிய காலத்தின் சாட்சி அந்த நூல்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் கை மாறுதல் முழுமை பெற்றது. சமையற்கலைஞர் மசியாலோ 1692இல் மிட்டாய்க் கலைக்கென்று தனி நூல் வெளியிட்டார். நான்சி நகரத்தில், போலந்தின் மன்னர் பதவியை இழந்த ஸ்தானிஸ்லாஸின் அரண்மனையில் வேலைபார்த்த ஜில்லியே 1751இல் படங்களோடு கூடிய அகராதியாகவே அதை எழுதினார். பாரிஸில் லோம்பார் தெரு மிட்டாய்க்காரர்களின் தெருவானது. 1761இல் மோன்மார்த்ர் புறநகர்த் தெருவில் தொடங்கிய கடை ஒன்று ‘குடும்பத் தாய்’ என்ற பெயரில் இன்றும் அதே இடத்தில் வியாபாரம் செய்கிறது. பிரலீன் அந்த வளமான சூழலில் பெயர் பெற்ற ஒன்று. தனியாக வானத்திலிருந்து விழுந்த மிட்டாய் என்று அதைப் பார்க்கத் தேவையில்லை.

இனிச் செய்முறை. இந்த மரபின் சாரம் இங்கேதான் இருப்பதாக நான் நினைப்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சட்டி செம்பில் இருக்க வேண்டும். எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாகவும் சீராகவும் செம்பு சூட்டைப் பரப்பும். அடுப்பைக் குறைத்தால் உடனே தணியும். சாதாரணச் செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள், சர்க்கரைச் சட்டிக்குப் பூசுவதில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கருகும் தறுவாய்க்குப் போகும் சர்க்கரைச் சட்டியில் அதை நம்ப முடியாது. சட்டியில் சர்க்கரையும் நீரும் கொதித்து உருட்டுப் பதத்துக்கு வரும்போது சூடு 115 முதல் 120 டிகிரிக்குள் இருக்கும். பாகில் நூற்றுக்குச் சுமார் 85 பங்குக்கு மேல் சர்க்கரை. வெப்பமானி வருமுன் மிட்டாய்க்காரர் விரலைக் குளிர்ந்த நீரில் நனைத்து, பாகைத் தொட்டு, மறுபடி நீரில் முக்கி, விரலில் ஒட்டியது நூலாக இழுக்கிறதா, உருள்கிறதா, மளுக்கென்று உடைகிறதா என்று பார்ப்பார். முத்து, இறகு, உருண்டை, முறிவு என்று அந்தப் படிகளுக்குப் பழைய நூல்களில் பெயர் உண்டு.

உருட்டுப் பதத்தில் வறுத்த பாதாமைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி, நிறுத்தாமல் கிளற வேண்டும். அளவுக்கு மீறிச் சர்க்கரை கரைந்துகிடக்கும் பாகு அப்போது பூத்துப்போகும். பளபளவென்றிருந்தது திடீரென்று வெளுத்து மணலாக உதிரும், பாதாமின் சொரசொரப்பான தோலில் படியும். மற்ற இனிப்புகளில் பாகு பூத்தால் அது கெட்டது என்று தலையில் அடித்துக்கொள்வோம். இங்கே பூக்க வைப்பதே திறமை. பிறகு சட்டி மறுபடி அடுப்பேறும். மணல் மெல்ல உருகிப் பழுப்பாகும். 160 டிகிரியைத் தாண்டியபின் சர்க்கரை கருக்கு மணம் கொள்ளத் தொடங்க, பாதாமின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து இன்னொரு மணத்தை எழுப்பும். முழுவதும் உருகிவிட்டால் பருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பாதியில் நிறுத்தினால் பச்சைச் சர்க்கரை நறநறக்கும். ஆகவே பாதி உருகி, பாதி மணலாக நிற்கும் கணத்தில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பாகு சேர்த்து, மறுபடி பூக்க விட்டு, மறுபடி உருக்கி, இப்படிப் படலம் படலமாக ஏற்றுகிறார்கள். கடைசியில் வேலம்பிசினும் வெனிலாவும் கலந்த பூச்சு, மினுக்குக்காகவும் ஈரம் புகாமலிருக்கவும். கடலை மிட்டாயில் பாகின் வேலை பருப்புகளை ஒன்றாகப் பிணைப்பது. பிரலீனில் ஒவ்வொரு பருப்பும் தனித்தனியே நின்று தன் ஓட்டைச் சுமக்க வேண்டும். அந்தத் தனிமைக்காகத்தான் இத்தனை பாடு.

இந்த வேலையில் எழுத்தில் பிடிபடாத பகுதி பெரிது. காற்றில் ஈரம் கூடிய நாளில் பாகு பூக்கும் நேரம் மாறும். புதுப் பாதாமும் சேமிப்புப் பாதாமும் ஒன்றுபோல் வறுபடாது. கரண்டியில் தட்டுப்படும் கனத்தையும் சட்டியிலிருந்து வரும் சலசலப்பையும் கொண்டே தீ கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது. செய்முறைக் குறிப்பு ஒரு பக்கத்தில் அடங்கும். அதைக் கைக்குக் கொண்டுவர ஆண்டுகள் வேண்டும்.

இனி, மோந்தார்ஜி போன்ற ஊரில் இத்தனை சர்க்கரை எங்கிருந்து வந்தது? மோந்தார்ஜி வழியாக ஓடும் பிரியார் கால்வாய் 1642இல் திறக்கப்பட்டது. லுவார் ஆற்றையும் சேன் ஆற்றின் படுகையையும் இணைத்த வழி அது. 1692இல் ஓர்லெயான் கால்வாயும் அதன் அருகே வந்து சேர்ந்தது. மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள ஓர்லெயான் அந்தக் காலத்தில் பிரான்சின் முக்கியமான சர்க்கரைச் சுத்திகரிப்பு நகரங்களில் ஒன்று. நாந்த் துறைமுகத்தில் இறங்கிய கச்சாச் சர்க்கரை லுவார் ஆற்றில் ஏறி அங்கே வந்தது. மோந்தார்ஜியில் மிட்டாய்த் தொழில் வேர் பிடித்ததற்குப் பிரபுவின் சமையற்கட்டைவிட இந்தத் தண்ணீர் வழிகளே பெரிய காரணம் என்பது என் முடிவு.

நாந்த் துறைமுகத்துக்கு வந்த சர்க்கரை கரீபியத் தீவுகளில் விளைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் அடிமைகளாக அதை வெட்டினார்கள், பிழிந்தார்கள், காய்ச்சினார்கள். 1685இன் ‘கறுப்புச் சட்டம்’ அவர்களை அசையும் சொத்தாக வகைப்படுத்தியது. 1789இல் சேன்-தொமேங் என்ற ஒரே பிரெஞ்சுக் குடியேற்றத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பா உண்ட சர்க்கரையில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து போனது. கொதிகலன் வரிசையில் நின்று பாகின் பதம் பார்த்த முதல் கைகள் அந்த அடிமைகளுடையவை. உருளையில் கரும்பைக் கொடுத்தவர்கள் கையிழந்தார்கள். 1791இல் அவர்கள் எழுந்தார்கள். 1804இல் சேன்-தொமேங் ஹெய்ட்டி என்ற பெயரில் விடுதலை பெற்றது. மற்ற பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல்தான் முழுமையாக ஒழிந்தது.

பிரெஞ்சு மிட்டாயின் பெருமை பேசும் நூல்கள் பலவற்றில் பாதாமின் ஊர் இருக்கும், தேனின் மலர் இருக்கும், சர்க்கரையின் பிறப்பு இருக்காது. இந்த மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மரபு என்று ஒன்றைச் சொல்லிக் காட்சிக்கு வைத்தால், அதற்கு உயிரைக் கொடுத்தவர்களும் அதே பலகையில் இடம்பெற வேண்டும்.

ஹெய்ட்டி கைவிட்டுப் போனதும் பிரிட்டனுடனான கடல்போர் துறைமுகங்களை மூடியதும் பிரான்சை வேறு சர்க்கரை தேட வைத்தன. பெர்லினில் வேதியியலாளர் மார்க்ராஃப் 1747இலேயே பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் காட்டியிருந்தார். பாரிஸ் அருகே பாஸியில் தெலெசேர் என்ற தொழிலதிபர் அதைத் தொழிலாக்கிக் காட்டியபோது, 1812 ஜனவரியில் நெப்போலியன் நேரில் வந்து தன் மார்பில் இருந்த விருதைக் கழற்றி அவருக்குக் குத்தினார். இன்று பிரான்சின் மிட்டாய்க்காரர் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் தம் நாட்டு வயல்களில் விளைந்த பீட் சர்க்கரையே. மலிவான சர்க்கரை வந்ததும்தான் மிட்டாய் அரண்மனையை விட்டிறங்கித் திருவிழாக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் வந்தது.

பிரான்சின் ஊர்ப்பெயர் மிட்டாய்கள் பெரும்பாலும் அந்த 19ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய உருவம் பெற்றன. ரயில் பயணிகளுக்கு வீடு திரும்பும்போது கையில் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்த வேலையைச் சாலை எடுத்துக்கொண்டது. பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் மோந்தோன் வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஏழாம் எண் தேசியச் சாலை, விடுமுறைக்குத் தெற்கே போகும் குடும்பங்களின் சாலை. அதன் வழியே வரிசையாக வரும் ஊர்களைப் பாருங்கள்: மோந்தார்ஜியில் பிரலீன், நெவேரில் நூகாத்தீன், ரோஆனில் பிரலீன் ரொட்டி, லியோனில் சிவப்புப் பிரலீன், மோந்தெலிமாரில் நூகா, ஏக்ஸில் கலிசோன். ஒவ்வொன்றிலும் பாதாமோ வேறொரு பருப்போ சர்க்கரையோடு வெவ்வேறு விதமாகச் சேர்கிறது. நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியதும் மோந்தெலிமார் கடைகளின் வியாபாரம் அடிவாங்கியது. ஒரு மிட்டாயின் வாழ்வுக்குச் செய்முறை மட்டும் போதாது, வாங்குபவர் நின்று இறங்கும் இடமும் வேண்டும் என்பதற்கு அந்த ஊர் சான்று.

மோந்தார்ஜியில் மாஸே குடும்பம் 1903இல் பழைய கடையையும் செய்முறையையும் வாங்கியது. சேன்த்-மதலேன் தேவாலயத்துக்கு எதிரே அந்தக் கடை இன்றும் இருக்கிறது. பிரபுவின் பெயரில் இருந்த பழைய எழுத்துக்கூட்டலையே பெட்டியில் அச்சிடுகிறது. சிவப்புப் பிரலீனின் கிளைக்கு இன்னொரு ஊர் முக்கியம். சவோய் நாட்டின் சேன்-ஜெனியில் பியேர் லாபுலி 1880 வாக்கில் சிவப்புப் பிரலீன் பதித்த பிரியோஷை விற்கத் தொடங்கினார். மார்பறுத்துக் கொல்லப்பட்ட புனித அகதாவின் நினைவாக அந்த வட்டாரத்தில் சுடப்பட்ட வட்ட ரொட்டிக்கு அது வாரிசு. ரோஆனில் ஒகுஸ்த் பிரலுஸ் 1955இல் அந்த யோசனையைத் தன் பெயரோடு சேர்த்துப் புகழ்பெற வைத்தார். லியோனில் சிவப்புப் பிரலீனை நொறுக்கிப் பாலேட்டில் காய்ச்சி மாவுக் கிண்ணத்தில் ஊற்றினால் கிடைக்கும் தார்த் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்துக்குக் கொச்சினீல் பூச்சியின் சாயமோ பீட்ரூட்டோ செயற்கைச் சாயமோ காரணம். எது என்பது கடையைப் பொறுத்தது.

பிரலீனை அரைத்தால் எண்ணெய் விட்டுக் குழம்பாகும். அதுவே பிரலினே, பிரெஞ்சுப் பலகாரக் கடையின் பாதி சுவை அதிலிருந்து வருகிறது. பாரிஸ்-பிரெஸ்ட் சைக்கிள் பந்தயத்தின் நினைவாக லூயி துராந் 1910இல் மேசோன்-லஃபித் ஊரில் செய்த சக்கர வடிவப் பலகாரத்தின் உள்ளே இருப்பதும் அந்தக் குழம்பு கலந்த கிரீம்தான். பிரலீன் என்ற பெயர் பெல்ஜியத்துக்குப் போன வழியையும் பார்க்கலாம். யான் நோய்ஹவுஸ் 1857இல் பிரஸ்ஸல்ஸில் வைத்தது மருந்துக் கடை. மருந்தின் கசப்பை மறைக்க அதைச் சாக்லேட்டில் போர்த்தினார். அவருடைய பேரன் 1912இல் மருந்துக்குப் பதில் இனிப்புப் பூரணத்தை வைத்தார், அதற்குப் பிரலீன் என்று பெயரிட்டார். அவர் மனைவி லூயிஸ் அகோஸ்தினி 1915இல் வடிவமைத்த அட்டைப் பெட்டி அந்தச் சாக்லேட்டை நசுங்காமல் உலகெங்கும் கொண்டுசென்றது.

அமெரிக்கக் கிளை வேறு வழியில் வளர்ந்தது. 1727இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த ஊர்சுலைன் கன்னியர் பிரலீனைக் கொண்டுவந்தார்கள் என்பது மரபு. லூசியானாவில் பாதாம் கிடையாது, பீக்கன் மரங்கள் இருந்தன, பாலேடும் சேர்ந்தது, வில்லை வடிவம் வந்தது. அதைச் செய்து, கூடையில் வைத்துத் தெருவில் விற்றவர்கள் கறுப்பினப் பெண்கள். அடிமைக் காலத்திலும் அதன் பின்னும் அவர்கள் குடும்பங்களைத் தாங்கிய தொழில்களில் அது ஒன்று. அந்த மிட்டாயின் இன்றைய கொட்டையும் ஓர் அடிமை மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஓக் ஆலி பண்ணையில் அந்த்வான் என்ற தோட்டக்காரர் 1846-47 குளிர்காலத்தில் மெல்லோட்டுப் பீக்கனை ஒட்டுக்கட்டிப் பதினாறு மரங்களில் வெற்றி கண்டார். ஒரே தரமான பீக்கனைப் பெருக்க வழிதிறந்தது அந்த வேலை. 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்த ரகம் பரிசு பெற்று ‘சென்டினியல்’ என்று பெயர் கொண்டது. அந்த்வானின் குடும்பப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பிரபுவின் பெயர் மிட்டாயிலேயே நிற்கிறது.

இயந்திரத்தின் வருகை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அதற்கு முன் திராஜே செய்பவர்கள் கூரையிலிருந்து தொங்கவிட்ட செம்புத் தட்டைக் கனலின் மேல் மணிக்கணக்கில் கையால் ஆட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாய்ந்து சுழலும் உருளைச் சட்டி வந்தது, தோள் பிழைத்தது. அதைக் கைத்தொழிலின் வீழ்ச்சி என்று யாரும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பர்கண்டியின் ஃபிளாவிஞியில், பழைய மடத்துக்குள், சோம்பு விதை ஒன்றைச் சுழலும் சட்டியில் போட்டு மெல்லிய பாகை அடுக்கடுக்காக ஏற்றி ஒரு கிராம் எடையுள்ள வெள்ளை மணியாக்க இன்றும் ஏறத்தாழ பதினைந்து நாள் ஆகிறது. சுற்றுவது மோட்டார், எப்போது பாகு ஊற்றுவது, எப்போது உலர விடுவது என்று சொல்வது மனிதர். அங்கே கைத்தொழில் பிழைத்திருக்கிறது.

கேடு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாதாமின் விலை உயர்ந்தபோது நிலக்கடலை அதன் இடத்தில் ஏறியது. உலகப் பாதாமில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு இன்று கலிபோர்னியாவில் விளைகிறது. புரோவான்ஸின் பழைய தோப்புகள் 20ஆம் நூற்றாண்டில் சுருங்கி, அண்மையில்தான் மீண்டும் நடப்படுகின்றன. பொறுமையாகப் பூக்க வைக்க வேண்டிய பாகுக்குப் பதில் குளுக்கோஸ் கலவையும் செயற்கை மணமும் வந்தன. பெட்டியில் மட்டும் கோமகனின் படமும் பழைய எழுத்தும் இன்னும் அழகாக இருந்தன.

சட்டம் என்ன செய்திருக்கிறது? நான்சியின் பெர்கமோட் மிட்டாய்க்கு 1996இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் செய்ய வேண்டும், இயற்கையான பெர்கமோட் எண்ணெய் சேர வேண்டும் என்பது விதி. அந்த எண்ணெய் வருவது இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து. அதாவது விதி காப்பது விளைபொருளின் மண்ணை அல்ல, ஊரின் திறனை. அது எனக்குச் சரியாகவே படுகிறது. மோந்தெலிமார் நூகாவுக்கு வழக்காற்று விதி இன்னும் தெளிவு: குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு பாதாம், அல்லது 28 பங்கு பாதாமும் 2 பங்கு பிஸ்தாவும், இனிப்பில் 25 பங்கு தேன். சேர்பொருளை எண்ணால் கட்டுவதால் ஏமாற்றுவது கடினம். கலிசோனின் பெயரைச் சீனாவில் ஒரு வணிகர் 2015இல் வணிகக்குறியாகப் பதிவுசெய்ய, ஏக்ஸ் தயாரிப்பாளர்கள் போராடி 2017இல் அதை நீக்கவைத்தார்கள். பெயர் தப்பியது. பிரலீனின் நிலைமைதான் வருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு சாக்லேட் விதியில் பிரலீன் என்பது ஒரு வாய் அளவுள்ள, குறைந்தது நான்கில் ஒரு பங்கு சாக்லேட் கொண்ட பண்டம். சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் பிரஸ்ஸல்ஸின் பொருளோடு நுழைந்துவிட்டது.

பெயரையும் ஊரையும் கவனித்த அளவுக்குக் கையை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1924இல் தொடங்கிய ‘பிரான்சின் சிறந்த தொழிலாளர்’ போட்டியில் சாக்லேட்டுக்கும் மிட்டாய்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் வென்றவர் சட்டைக் கழுத்தில் நாட்டின் மூவண்ணத்தை அணியலாம். பதினைந்து பதினாறு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து தொழிற்சான்றிதழ் பெறும் வழியும் உயிரோடு உள்ளது. 1990களில் தேசிய சமையற்கலை மன்றம் உணவு மரபுகளை வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்து நூல்களாக வெளியிட்டது. 2005இல் வந்த ‘உயிர் மரபு நிறுவனம்’ என்ற முத்திரை அரிய கைத்திறன் உள்ள பட்டறைகளுக்குத் தரப்படுகிறது. இவை நல்ல காரியங்கள். ஆயினும் இவை உச்சியில் இருப்பவரைக் கௌரவிக்கின்றன. சிற்றூரில் ஒரு சட்டியும் ஒரு உதவியாளரும் வைத்து, கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் நம்பி வாழும் கடைக்காரருக்குப் போட்டியாளரின் பெட்டியிலுள்ள பழைய கதையை எதிர்க்க இவை உதவுவதில்லை.

ரொட்டி விஷயத்தில் பிரான்ஸ் இதைத் தீர்த்துக் காட்டியிருக்கிறது. 1993இன் ஆணை ‘மரபு ரொட்டி’ என்ற பெயருக்குச் சேர்பொருளை வரையறுத்தது. 1998இன் சட்டம், மாவு பிசைவது முதல் சுடுவது வரை விற்கும் இடத்திலேயே செய்பவர் மட்டுமே ரொட்டிக் கடை என்று பலகை வைக்கலாம் என்றது. 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது பாகெத் ரொட்டியைச் செய்யும் கைத்திறனும் பண்பாடும். கதையை விட்டு, பிரபுவை விட்டு, என்ன சேர்கிறது, யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்ற மூன்று கேள்விகளில் சட்டம் ஊன்றி நின்றதால் தெருமுனை ரொட்டிக்காரர் பிழைத்தார். அதே அளவு தெளிவான விதி பிரலீனுக்கும் வர வேண்டும்: முழுப் பாதாம், சர்க்கரை, பாகு ஏற்றும் முறை, அந்தப் பட்டறையிலேயே செய்யும் கை. கூடவே கடைப் பலகையில் பிரபுவின் பெயருக்குக் கீழே சேன்-தொமேங்கின் பெயரும், நியூ ஆர்லியன்ஸ் கடைகளில் அந்த்வானின் பெயரும் எழுதப்பட வேண்டும். அந்த விதி வரும் வரை, பாரிஸ் விமான நிலையத்திலோ வேறெங்கோ பிரலீன் பெட்டியை எடுக்கும் வாசகர், முன்பக்கத்துக் கதையைப் படிக்குமுன் பின்பக்கத்துச் சேர்பொருள் பட்டியலைப் படிக்கட்டும். பாதாமும் சர்க்கரையும் பட்டியலின் தலையில் இருந்து, செய்த ஊரின் பெயரும் இருந்தால் காசைக் கொடுங்கள்; இல்லையேல் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.